எங்களுக்கு இன்னொரு நாய்க்கிடங்கு வேண்டாம்

கார்த்திகை மழை அடிச்சு ஊத்தின ஒரு விடியக்காலை. போர்டிங் கேற்றடியில் ஒரு பால்மாப் பெட்டி கிடந்தது. நனையாமலிருக்க உரபாக் ஒன்றைக் கிழித்து மேலே போர்த்தியிருந்தார்கள். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள், கண்கூடச் சரியாகத் திறக்காதவை. எங்களில் ஒருத்தி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐஞ்சும் பெட்டை."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சந்தைக்குப் பின்னால், கோயில் தேர்முட்டியடியில், பஸ் ஸ்ராண்டில், கம்பஸ் பின்வேலியடியில் கொண்டுவந்து விடப்படுகிற குட்டிகளைத் தூக்கிப் பாருங்கோ. பெரும்பாலும் பெட்டையாகத்தான் இருக்கும். கடுவன் வீட்டில் நிற்கும், பெட்டை றோட்டுக்குப் போகும். 'பெட்டை' என்ற சொல்லை எங்கட ஊரில் நாய்க்கு மட்டும் சொல்வதில்லை என்பதை இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அன்றைக்கு நாங்கள் செய்தது, எல்லாரும் செய்வதைத்தான். போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போட்டோம். "இதயமில்லாத மனிதர்கள்" என்று மேலே ஒரு வரி எழுதினோம். பிறகு நாய்களைப் பராமரிக்கிற ஓர் இடத்துக்கு அழைப்பெடுத்தோம். இடமில்லை என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது, குரலிலேயே களைப்புத் தெரிந்தது. போர்டிங் அன்ரி "ரெண்டு நாளைக்குத்தான் பிள்ளையள்" என்றா. இரண்டாம் நாள் இரவு, துளித்துளியாய்ப் பால் பருக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டி செத்துப்போனது. அன்றிரவு நாங்கள் எல்லாரும் ஒரே தீர்மானத்துக்கு வந்தோம்: யாழ்ப்பாணத்துக்குப் பெரிய சரணாலயம் ஒன்று வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற ஆக்களிடம் காசு கேட்கலாம், காணி பார்க்கலாம் என்றெல்லாம் விடியும்வரை கதைத்தோம்.

அந்தத் தீர்மானம் பிழை. ஏன் பிழை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் எட்டு வயது மதிக்கத்தக்க பொடியன் ஒருவன் கேற்றுக்குள்ளால் எட்டிப்பார்த்தான். "அக்கா, எங்கட குட்டியள் இருக்கே?" என்று கேட்டான். எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போனோம், சண்டை பிடிக்கிறதுக்கு. இரண்டு ஒழுங்கை தள்ளி, தகரம் அடைத்த வீடு. முற்றத்தில் தாய்நாய் முலை கட்டி வீங்கிப்போய் நின்றது. பெயர் ரோசி. ஒரு வருடத்துக்குள் இது அதற்கு இரண்டாவது ஈத்து.

பொடியனின் அம்மா எங்களைக் கண்டதும் அழவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. "நான் கொல்லேல்ல பிள்ளையள். உங்கட கேற்றடியில வச்சால் ஆரும் பாப்பினம் எண்டுதான் வச்சனான்" என்றா. மனுசி கூலி வேலைக்குப் போறவ. மூன்று பிள்ளைகள். வீட்டில் ஆம்பிளை இல்லை. கக்கூசு வெளியில், ஒழுங்கையில் லைற் இல்லை, இரவில் தண்ணியைப் போட்டிட்டு அதால் போய்வருகிற ஆக்கள் வேறு. "ரோசி இல்லாட்டி நான் என்னண்டு நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டா. கருத்தடை செய்யலாம்தானே என்று நாங்கள் கெட்டித்தனமாகக் கேட்டோம். அதற்கும் பதில் வைத்திருந்தா. "எங்க கொண்டு போறது? ஓட்டோக்காரன் நாயை ஏத்தமாட்டான். சைக்கிள்ல கட்டிக்கொண்டு போகேலுமே? ஒருநாள் வேலைக்குப் போகாட்டி அண்டைக்கு அடுப்பு எரியாது."

எங்கள் பேஸ்புக் பதிவு அப்போதைக்கு நூற்றுக்கு மேல் பகிரப்பட்டிருந்தது. திரும்பி வருகிற வழியிலேயே அதை அழித்தோம்.

மிச்சமிருந்த நான்கு குட்டிகளையும் அன்று மாலையே தாயிடம் கொண்டுபோய் விட்டோம். ரோசி மணந்து பார்த்தது, நக்கியது, படுத்துப் பால் கொடுத்தது. இரண்டு நாளாக நான்கு பேர் முறைவைத்து நித்திரை முழித்தும் செய்ய முடியாததை அது ஐந்து நிமிடத்தில் செய்தது. தாய்க்குக் கொஞ்சம் சோறும் நெத்தலியும், முற்றத்தில் நனையாத ஒரு மூலை, எட்டுக் கிழமைக்குப் பிறகு ஒரு சத்திரசிகிச்சை, அதற்குப் போய்வர வாகனம். அந்தப் பால்மாப் பெட்டி வீதிக்கு வராமலிருக்க இவ்வளவும்தான் தேவைப்பட்டது. காணியும் மதிலும் ஐம்பது கூடும் அல்ல.

இப்போது எங்கட ஊரில் சரணாலயம் என்ற சொல்லை ஆர் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பாருங்கோ. "நாய்த் தொல்லை கூடிப்போச்சு, எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு போய் ஓரிடத்தில விடுங்கோ." சபைக் கூட்டத்திலும் இதுதான், கல்யாண வீட்டிலும் இதுதான், எங்கட விரிவுரையாளர்களின் தேநீர் மேசையிலும் இதுதான். சொல் கருணையாக இருக்கிறது, கேட்பது அப்புறப்படுத்தல். கண்ணுக்குப் படாத தூரத்தில் ஒரு பற்றைக்காணி, சுற்றிவரக் கம்பிவேலி, உள்ளே இருநூறோ முந்நூறோ நாய், சமைத்துப் போட இரண்டு பேர். இதை நாங்கள் கிடங்கு என்கிறோம்.

கிடங்கு நிரம்பும். நிரம்பாத கிடங்கு உலகத்திலேயே இல்லை. நாய் இரண்டு மாதம் சுமக்கும், வருடத்தில் இரண்டு தரம் குட்டி போடக்கூடும். ஊரில் ஒரு பெட்டை நிற்கும்வரை கேற்றடியில் பெட்டி வந்துகொண்டே இருக்கும். நெருக்கமாக அடைத்த இடத்துக்குள் பார்வோ போன்ற ஒரு தொற்று வந்தால் குட்டிகள் வரிசையாகச் சாகும். தப்பிப் பெரிசாகிறவை சாப்பாட்டுக்கு அடிபடும். அங்கே வேலை செய்கிறவர்களின் மனம் என்னவாகும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. இன்னொன்று, ஒரு தெருவிலிருந்து எல்லா நாயையும் அள்ளிக்கொண்டு போனால் அந்தத் தெரு நாயில்லாமல் இருக்கப்போவதில்லை. கோழிக்கடைக் கழிவு அதே மூலையில்தான் கொட்டுப்படும். அதைத் தேடி அடுத்த தெரு நாய்கள் வரும். தடுப்பூசி போட்டவை போய் போடாதவை வரும். இலாபம் ஆருக்கு?

வடக்கில் இந்த வேலையை மனமாரச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. கைவிடப்பட்ட, அடிபட்ட, இனி வீடு கிடைக்கவே கிடைக்காத நாய்களுக்கு அப்படி ஓரிடம் இருப்பது பெரிய விசயம். எங்கள் சண்டை அவர்களோடு இல்லை. 'ஓரிடம் இருக்குத்தானே' என்று சொல்லிக்கொண்டு தன் வீட்டுப் பெட்டையைக் கருத்தடை செய்யாமல் வைத்திருக்கிற, காரில் போய் இரவில் குட்டி விடுகிற ஆக்களோடுதான். ரோசியின் சொந்தக்காரிக்கு வழி இருக்கவில்லை. காரில் வருகிறவருக்கு வழி இருந்தது. இரண்டு பேரையும் ஒரே வசனத்தில் 'இதயமில்லாத மனிதர்கள்' என்று திட்டியது எங்கள் முதல் பிழை.

அடுத்து, இதை எழுதினால் நிச்சயமாக வரப்போகிற கேள்வி: "இஞ்ச மனுசருக்கே வழியில்லை, உங்களுக்கு நாயோ?" காணி விடுபடவில்லை, காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் தெருவில் இருக்கிறார்கள், வேலையில்லை, போதைப்பொருள். தெரியும். நாங்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் கனபேர் அந்த மனுசருக்கும் ஒன்றும் செய்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது, நாய் வேறு மனுசர் வேறு என்ற பிரிப்பு தகரவீட்டு முற்றத்தில் செல்லாது. அங்கே நாய்தான் மதில். நாய்தான் இரவுக் காவல். எட்டு வயதுப் பொடியனுக்கு அதுதான் விளையாட்டுத் துணை, அவன் மழைக்குள் குட்டியைத் தேடி வந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம்.

விசர்நாய்க்கடியை எடுங்கோ. மனிதருக்கு வருகிற விசர்நோயில் 99 வீதம் வரை நாயால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தேகமான விலங்கு கடித்தவர்களில் 40 வீதமானவர்கள் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் ஒரு பிரதேசத்து நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நிற்கும். இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நோயால் செத்தார்கள். இப்போது அந்தத் தொகை வருடத்துக்குச் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. குறைத்தது மதில் கட்டி அடைத்தல்ல, ஊசி போட்டு. கடிபட்டவருக்கு அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிற மருந்துக்கு அரசாங்கம் செலவழிக்கிற காசோடு பார்த்தால் நாய்க்குப் போடுகிற ஊசியின் செலவு ஒன்றுமேயில்லை. ஆகவே ரோசிக்குப் போடுகிற ஊசி அந்த ஒழுங்கையில் வெறுங்காலோடு ஓடித்திரிகிற பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசி. (இடையில் ஒன்று: கடிபட்டால் முதலில் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.)

நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறதே என்பீர்கள். உண்மை. எப்படிப் போடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தோம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். வேலைநாள் காலையில் ஓரிடத்துக்கு நாயைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கூலிக்குப் போகிற மனுசி எப்படிப் போவா? நாய்ச்சங்கிலி இல்லாத வீட்டிலிருந்து எட்டு வயதுப் பொடியன் நாயைத் தூக்கிக்கொண்டு வருவானா? சங்கிலியும் நேரமும் மதிலும் உள்ள வீட்டு நாய்களுக்கு ஊசி போகும். ஒழுங்கையில் திரிகிறவைக்குப் போகாது. வருகிற உத்தியோகத்தர்கள் கெட்டவர்களில்லை, ஒரு வாகனத்தை வைத்துக்கொண்டு எத்தனை கிராமத்தைத்தான் ஓடுவது. நாட்டிலேயே மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையில் ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்து வருகிறவர்களில் அரச சேவையில் சேர்கிறவர்களின் தலையில் மாடு, ஆடு, கோழி எல்லாம் கிடக்கிறது. நாய் கடைசி.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். நாய்களைப் பதிவது பற்றிய சட்டம் 1901ஆம் ஆண்டினது. மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, அதில் கூடிய குற்றப்பணமே நூறு ரூபாய். இன்றைக்கு நூறு ரூபாய்க்கு என்ன வரும்? சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்த விலங்கு நலச் சட்டமூலம் எத்தனையோ அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. அதே 2006இல்தான் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை நிறுத்துவதாக அரசாங்கம் கொள்கை எடுத்தது. கொல்வதை நிறுத்தியது நல்லது. ஆனால் அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலையை ஊருக்கு ஊர் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் 'பிடிச்சுக்கொண்டு போய் விடுங்கோ' என்ற குரல் வந்து குந்திக்கொண்டிருக்கிறது.

வேறு வழி இந்தத் தீவிலேயே இருக்கிறது. கொழும்பில் 2007 முதல் மாநகர சபையும் புளூ போ ட்ரஸ்ற் என்ற அமைப்பும் சேர்ந்து நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, அதே தெருவிலேயே திரும்ப விட்டார்கள். நாயோடு எப்படிப் பழகுவது, கடிபடாமல் எப்படி இருப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நகரத்து நாய்களில் விசர்நோய் குறைந்தது. கண்டியில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'விலங்கு நலத்தின் ஊடாகச் சமூகப் பாதுகாப்புக்கான கண்டிச் சங்கம்' என்று வரும். பெயர் நீளம்தான், ஆனால் நாங்கள் சொல்ல வந்த முழு விசயமும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. நாயைப் பாதுகாப்பது ஊரைப் பாதுகாக்கிற வழி. கண்டிக்கும் கொழும்புக்கும் விளங்கினது எங்களுக்கு விளங்காதா?

விளங்கும். ஆனால் எங்களுக்குக் கட்டடம்தான் பிடிக்கும். வெளிநாட்டு உறவுகளைக் கோபிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறோம். ஊருக்கு வருகிற காசு எங்கே போகிறது என்று பாருங்கோ. கோபுரம், வளைவு, மணிமண்டபம், பழைய மாணவர் சங்கக் கட்டடம். வாசலில் உபயகாரர் பெயர் பொறித்த கருங்கல். நாடா வெட்டு, மாலை, ட்ரோன் வீடியோ. இரண்டு வருடத்தில் கதவு துருப்பிடிக்கும். மிருக வைத்தியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் தருகிறோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஏனென்றால் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது. மயக்கமருந்துப் போத்தலில் கல்வெட்டு வைக்க ஏலாது. ஆனால் நாய்க்கும் குடும்பத்துக்கும் உதவுவது அந்தப் போத்தலும் அந்தச் சம்பளமும்தான்.

வைரவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கட ஊரில் வைரவர் இல்லாத ஒழுங்கை இல்லை. சூலம் ஒன்றை நட்டு, வடைமாலை சாத்தி, வெள்ளிக்கிழமை விளக்கு வைப்போம். வைரவருக்கு வாகனம் ஆர்? அதே கோயில் வாசலில் வடைக்கு வாய்பார்த்துக்கொண்டு நிற்கிற வாகனத்துக்குக் கல்லெறி. குட்டி விடுகிறதுக்கும் அதே வைரவரடிதான். சாமி பாக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாக்கிறது சாமியில்லை, பக்கத்து வீட்டு ஆச்சி.

இன்னும் கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறோம். வெளிநாட்டு இன நாயை எங்கட ஆக்கள் 'சாதி நாய்' என்று சொல்வார்கள். மற்றது ஊர்நாய். சாதி நாய்க்குக் கூடு, கொழும்பிலிருந்து வந்த சாப்பாடு, மாதாமாதம் வைத்தியர். ஊர்நாய்க்கு றோட்டு. வாய்தவறி வந்த சொல்லில்லை இது, ஊரை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோமோ அப்படியே நாயையும் பிரித்திருக்கிறோம். ரோசி நிற்கிற ஒழுங்கைக்கு எங்கட பகுதிச் சமூகசேவைக்காரர் ஒருவரும் போவதில்லை. ஏன் போவதில்லை என்று நாங்கள் கேட்டபோது பாதை சரியில்லை என்றார்கள். பாதை சரியாகத்தான் இருக்கிறது, நாங்கள் நடந்தோம். சமூகத்துக்கான விலங்குப் பராமரிப்பு நிலையம் என்று பெயர்ப்பலகை வைக்கப்போகிறவர்கள், சமூகம் என்று ஆரைச் சொல்கிறோம் என்பதை முதலில் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். கார் வரக்கூடிய வீடுகளுக்கு மட்டும் திறக்கிற கதவென்றால் எங்களுக்குத் தேவையில்லை, அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே தனியார் கிளினிக் இருக்கிறது.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வடமராட்சியில் தனிய இருக்கிறா. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும். வீட்டில் அவவும் ஒரு கிழட்டுக் கடுவனும்தான். கண்ணில் வெண்புரை முற்றி, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தார்கள். போகவில்லை. இரண்டாம் திகதியும் கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. "நான் போனா உவனுக்கு ஆர் சோறு வைக்கிறது?" என்றா. ரொறன்ரோவிலிருந்து வீடியோ கோலில் பேச்சு விழுந்தது, "ஒரு நாய்க்காக அம்மா கண்ணை விடுறியளோ?" என்று. அந்த நாய் ஒருநாளும் அவவை விட்டுப் போகவில்லை என்பதை அவ சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். கடைசியில் பேத்தி ஒரு கிழமை லெக்சருக்கு வராமல் அங்கே போய் நின்றாள். கண் சரியாகிவிட்டது. இப்படித் தனித்திருக்கிற அம்மம்மாக்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர்? எல்லாருக்கும் கம்பஸ் கட் பண்ணக்கூடிய பேத்தி இருக்கிறாளா? ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கிழமைக்கு நாயை வைத்துப் பார்த்து, திரும்பி வந்ததும் கையில் கொடுக்கிற ஓரிடம். சரணாலயம் என்றால் எங்களுக்கு முதலில் அதுதான்.

நாங்கள் கேட்கிறது சின்ன இடம். பத்துக் கூடு போதும். அதுவும் சத்திரசிகிச்சை முடிந்தவை, அடிபட்டவை, அம்மம்மாவின் கடுவனைப் போலத் தவணைக்கு வந்தவை நிற்பதற்கு. வருடக்கணக்காக அடைத்து வைக்கிறதுக்கு அல்ல. கிழமைக்கு ஒருநாளாவது வைத்தியர் வர வேண்டும், அது ஞாயிறாக இருக்க வேண்டும், கூலிக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நாள். நாய் ஏற்ற ஒரு பட்டா வேண்டும். கட்டடமே தேவையில்லாமலும் தொடங்கலாம். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, நாலு பேர் பேப்பர் வாசிப்பதற்கும் மார்கழியில் கிரிக்கெட் கோப்பை கொடுப்பதற்கும் மட்டும் திறக்கிற மண்டபங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அதன் விறாந்தையை ஊசிக்கும் பதிவுக்கும் தந்தால் என்ன குறையும்? சத்திரசிகிச்சைக்கு வேறு வசதி வேண்டும், தெரியும். ஊசிக்கு மேசை ஒன்றும் ஐஸ்பெட்டியும் போதும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கம்பஸைச் சுற்றி நாய் கூடியதை நாங்கள் கண்டோம். கழுத்தில் பட்டியோடு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டுகிற நாய்கள். வீட்டில் சோறு மிஞ்சாத காலத்தில் விட்ட நாய்கள் அவை. அந்த நேரத்தில் அந்த வீடுகளுக்கு மாதம் ஒரு பை குருணல் அரிசி கொடுத்திருந்தால் பாதி நாய் வீட்டிலேயே நின்றிருக்கும். நாயைத் தெருவில் இருந்து மீட்பது வீரம், வீட்டிலேயே நிற்கவைப்பது சத்தமில்லாத வேலை. சத்தமில்லாத வேலைக்கு லைக் விழாது. மீட்புப் படம் போட்ட ஆக்களில் நாங்களும் அடக்கம் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறோம்.

1995 இடப்பெயர்வைப் பற்றி அம்மா அப்பா சொல்கிறபோது, மூட்டையும் சைக்கிளும் சனநெரிசலும் எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஓர் இடத்தில் குரல் தணியும். நாயை அவிழ்த்துவிட்டு வந்ததோ, அவிழ்க்க மறந்து வந்ததோ, ஏதோ ஒன்று அங்கே இருக்கும். அப்போது வழியிருக்கவில்லை. அந்தத் தலைமுறையில் ஒருவரும் அதை 'நாய்தானே' என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. இப்போது குண்டு விழவில்லை. கனடாவுக்கு ரிக்கற் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டி, நாயைப் பக்கத்து ஒழுங்கையில் விடுகிறவருக்கு என்ன நெருக்கடி?

தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, நண்பன் ஒருவனின் மாமாவின் பட்டாவில் ரோசியைக் கொண்டுபோய்க் கருத்தடை செய்வித்தோம். ஏழு பேர் காசு போட்டோம், போட்டோகொப்பிக்கு வைத்திருந்த காசும் அதற்குள் போனது. பொடியன் பள்ளிக்கூடம் போகாமல் பட்டாவின் பின்னால் ஏறி ரோசியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. நான்கு குட்டிகளில் மூன்றுக்கு வீடு கிடைத்தது. எடுத்தவர்கள் ஆறு மாதத்தில் கருத்தடை செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், நாங்கள் விடாமல் கேட்போம். நான்காவது தாயோடு அதே முற்றத்தில் நிற்கிறது. மனுசி அதை விட மாட்டா போலிருக்கிறது.

ரோசி தையலோடு திரும்பிய அன்று அந்த ஒழுங்கை ஆக்கள் வெளியில் வந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோது ஒருவர் கேட்டார், "எங்கட நாயையும் கொண்டு போவியளோ தம்பி?" பிறகு இன்னொருவர். நாங்கள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். 'இதுகளுக்கு நாயைப் பற்றி அக்கறையில்லை' என்று மேசையில் இருந்து சொல்கிறவர்களுக்கு அந்தக் கொப்பியைக் காட்டலாம். ஒரே ஒழுங்கையில் பதினொரு வீடு, பதினொரு நாய்ப்பெயர், ஒன்றின் பெயர் ஜனாதிபதி. எங்கட கையில் இப்போதைக்கு இரண்டு நாய்க்கான காசு இருக்கிறது, பட்டாவுக்கு டீசல் இல்லை.